சி++ கோட்பேஸில் நினைவகக் கோளாறு: அறிகுறியிலிருந்து வேர் வரை

பல லட்சம் வரிகள் கொண்ட சி++ கோட்பேஸில் (ஒரு மென்பொருளின் மொத்த நிரல் தொகுப்பில்) நினைவகக் கோளாறு வந்தால், க்ராஷ் ஆன வரியை மட்டும் திருத்துவதில் பெரும்பாலும் பலன் இருக்காது. தப்பு நடந்த இடம் ஒன்று, அது வெடிக்கும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரமும், வெவ்வேறு பேர் எழுதிய நாலைந்து மாட்யூல்களும் கிடக்கலாம். க்ராஷ் ஆன வரிக்கு மேலே "பாயின்டர் பூஜ்யமா" என்று பார்க்கும் ஒரு இஃப் போட்டு டிக்கெட்டை மூடுவதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். அது எதையும் பிடிக்காது. ஆப்ஜெக்டை அழித்த பிறகும் பாயின்டர் பூஜ்யமாகிவிடுவதில்லை, பழைய முகவரியை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் அதே கோளாறு வேறு ஸ்டாக் ட்ரேஸோடு, அதாவது வேறு ஃபங்ஷன் அழைப்பு வரிசையோடு, திரும்பி வரும்.

ஆகவே இங்கே அறிகுறி வாரியாகப் போகிறேன். எந்த அறிகுறியிலிருந்து தொடங்கினாலும் விசாரணை கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: இந்த ஆப்ஜெக்ட் யாருடைய பொறுப்பு? அதை நம்பி இருப்பவர்கள் இருக்கும்போதே அது செத்துப்போக வழி இருக்கிறதா? லினக்ஸ், ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்ற தளங்கள் வேறுபடும் இடத்தில் அதைச் சொல்கிறேன்.

க்ராஷ் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்

இன்று ஸ்ட்ரிங் நகலெடுக்கும் இடத்தில், நாளை மேப்பில் தேடும் இடத்தில், நாளை மறுநாள் வராமலேயே போகும். டீபக் பில்டில் எவ்வளவு முயன்றாலும் வராது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ, அதாவது விடுவித்துவிட்ட நினைவகத்தைத் தொடுவது. விடுவித்த இடத்தை அலொக்கேட்டர், அதாவது நினைவகத்தை ஒதுக்கித் தரும் பகுதி, உடனே வேறு ஆப்ஜெக்டுக்குக் கொடுத்துவிடும். பழைய பாயின்டர் வழியாக யாரோ எழுதும்போது கெடுவது, சம்பந்தமே இல்லாத அந்தப் புது ஆப்ஜெக்ட். அதனால்தான் க்ராஷ் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

டீபக்கரைத் திறந்ததும் முதலில் பாயின்டருக்குள் இருக்கும் மதிப்பைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் டீபக் ஹீப் (ஹீப் என்பது ஓடும்போது ஒதுக்கப்படும் நினைவகப் பகுதி), விடுவித்த இடத்தை ஹெக்ஸில் டிடி என்ற பைட்டால் நிரப்பும். புதிதாகக் கொடுத்து இன்னும் எதுவும் எழுதாத இடத்தை சிடி என்று நிரப்பும். ஃபயர்ஃபாக்ஸின் அலொக்கேட்டர் விடுவித்த இடத்தில் இ5 என்று எழுதுகிறது. ஒரே பைட் திரும்பத் திரும்ப வந்தால் பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது.

அப்புறம் அட்ரஸ் சானிடைசர், நினைவகத் தவறுகளைப் பிடிக்கக் கம்பைலரோடு வரும் கருவி. கூகுள் பொறியாளர்கள் உருவாக்கியது, கிளாங் 3.1-லும் ஜிசிசி 4.8-லும் உள்ளே வந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, இந்த இடத்தைத் தொடலாமா கூடாதா என்று ஒவ்வொரு அணுகலிலும் சரிபார்க்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகும், நினைவகம் பல மடங்கு கூடும். அதைவிடப் பழைய வால்கிரைண்ட் என்ற கருவி மீண்டும் கம்பைல் செய்யத் தேவையில்லாத வசதி கொண்டது, ஆனால் 10 முதல் 30 மடங்கு வரை மெதுவாக்கும். பெரிய கோட்பேஸில் அந்த வேகத்தில் டெஸ்ட் தொகுப்பை ஓட்டி முடிப்பது கஷ்டம். தனியாக ஒரு சானிடைசர் பில்டு வைத்து, தினம் இரவு முழு டெஸ்டையும் அதில் ஓட்டுவதற்கு ஆகும் செலவை நான் யாரிடமும் வாதாடி வாங்கத் தயங்கமாட்டேன்.

சானிடைசர் அறிக்கையில் மூன்று ஸ்டாக் ட்ரேஸ் வரும்: எங்கே தொட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே முதலில் ஒதுக்கப்பட்டது. எல்லாரும் முதலாவதைப் படித்துவிட்டு அங்கேயே திருத்தப் போவார்கள். நான் முதலில் படிப்பது இரண்டாவதை. தன் வேலை முடிந்தது என்று நினைத்து ஆப்ஜெக்டைக் கொன்றவர் அங்கேதான் இருக்கிறார். அவர் செய்தது சரியா, இல்லை இன்னொருவர் காத்திருப்பது தெரியாமல் செய்தாரா என்பதுதான் பிழையின் கரு.

ஒரு எச்சரிக்கை. விடுவித்த இடத்தைச் சானிடைசர் உடனே மறுபடி கொடுக்காமல் தனியே ஒதுக்கி வைத்திருக்கும். அந்த ஒதுக்கிடத்தின் இயல்பான அளவு 256 எம்பி. நிறைய ஒதுக்கி நிறைய விடுவிக்கும் சர்வரில் அது சீக்கிரம் நிரம்பி வழியும், பழைய இடங்கள் மறுபடி புழக்கத்துக்கு வந்துவிடும், கோளாறும் கண்ணில் படாமல் போகும். நினைவகம் இருந்தால் அந்த அளவை ஏற்றி ஓட்டுங்கள்.

நான் திரும்பத் திரும்பக் கண்ட வேர்கள் மூன்று. முதலாவது, டைமருக்கோ நெட்வொர்க் பதிலுக்கோ கொடுத்த லாம்டா (பிறகு ஓடக் கொடுத்துவைக்கும் பெயரில்லாத ஃபங்ஷன்), தன் ஆப்ஜெக்டின் பாயின்டரை, அதாவது திஸ்ஸை, உள்ளே பிடித்து வைத்திருப்பது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பயனர் விண்டோவை மூடிய சுமார் 30 நொடி கழித்து க்ராஷ் வந்தது. மூன்று வாரம் ரெண்டரிங் கோடைத் துருவினோம். கடைசியில் அது சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு வேண்டுகோள். பதில் 30 நொடியில் டைம்அவுட் ஆனதும், செத்துப்போன விண்டோவின் ஃபங்ஷனை லாம்டா கூப்பிட்டது. க்ராஷுக்கு முந்தைய இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருக்கிறதா என்று முதல் நாளே கவனித்திருந்தால், கோடில் 30 என்ற எண்ணைத் தேடியே பிடித்திருக்கலாம். இதற்குத் தீர்வு, லாம்டாவுக்குள் வீக் பாயின்டரை (ஆப்ஜெக்டை உயிரோடு பிடித்து வைக்காமல் காட்டும் பாயின்டரை) கொடுத்து, ஓடும்போது லாக் செய்து ஆப்ஜெக்ட் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது; அல்லது டிஸ்ட்ரக்டரிலேயே (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷனிலேயே) நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் ரத்து செய்வது. இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும், ரத்து செய்த பின் கால்பேக் (திருப்பிக் கூப்பிடுவது) வராது என்று அந்த லைப்ரரி உறுதி தந்தால் மட்டும். ரத்துக்கு முன்பே வரிசையில் ஏறிவிட்ட கால்பேக் ஓடியே தீரும் லைப்ரரிகள் உண்டு.

இரண்டாவது, அப்சர்வர் பட்டியல், அதாவது மாற்றம் வந்தால் சேதி கேட்கப் பதிவு செய்தவர்களின் பட்டியல். எல்லாருக்கும் சேதி சொல்லிக்கொண்டே பட்டியலில் நடக்கிறோம். சேதி கேட்ட ஒருவர் தன்னையே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்கிறார், அல்லது சேதி சொல்பவரையே அழித்துவிடுகிறார். பட்டியலில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் இட்டரேட்டர் செல்லாததாகிவிடும். குரோமியம் (குரோம் பிரௌசரின் திறமூலக் கோட்பேஸ்) இதற்கென்றே தனி அப்சர்வர் பட்டியல் கிளாஸ் வைத்திருக்கிறது. உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால், நடக்கும்போது வரும் நீக்கத்தைக் குறித்து மட்டும் வைத்து, நடை முடிந்த பிறகு நீக்குங்கள்.

மூன்றாவது, வெக்டருக்குள் இருக்கும் ஒன்றின் ரெஃபரென்ஸை வைத்துக்கொண்டு அதே வெக்டரில் புதிதாகச் சேர்ப்பது. வெக்டர் இடம் மாறினால் ரெஃபரென்ஸ் காலி. இது சானிடைசரில் சுலபமாக மாட்டும்.

இந்த வகைக் கோளாறு எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு. குரோமியம் குழு 2020-இல் சொன்னது: அவர்களுடைய தீவிரமான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள், அவற்றில் பாதி யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. கவனமாக எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்துப் பயனில்லை என்றாகி, 2022-இல் 15,000-க்கும் மேற்பட்ட வெறும் பாயின்டர்களை மிராக்கிள் பாயின்டர் என்ற வகைக்கு மாற்றினார்கள். யாராவது இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் நினைவகத்தை அது மறுபுழக்கத்துக்கு விடாது. பிழை இருக்கும், ஆனால் அதை வைத்துத் தாக்குவது மிகவும் கடினம்.

மல்லாக் அல்லது ஃப்ரீ உள்ளேயே க்ராஷ்

ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) "கரப்டட் சைஸ்" அல்லது "கரப்டட் டாப் சைஸ்" என்று ஏதாவது சொல்லிவிட்டு அபார்ட் ஆகிறது. நினைவகம் ஒதுக்கும் மல்லாக்கில் பிழை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அலொக்கேட்டர் தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. யாரோ தன் எல்லையைத் தாண்டி எழுதி அந்தக் கணக்கை அழித்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர்தான் இப்போது ஸ்டாக்கில் நிற்கிறார், செய்தவர் எப்போதோ போய்விட்டார்.

சானிடைசரில் ஓட்ட முடிந்தால் வேலை சுலபம், எல்லை தாண்டிய கணத்திலேயே நிறுத்திவிடும். சானிடைசர் இல்லாமல் வந்த மூன்றாம் தரப்பு லைப்ரரி தப்பு செய்தால் பெரும்பாலும் பிடிபடாது. அப்போது எனக்கு மிகப் பெரிய உதவி செய்தது மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற கருவி. நிரலின் ஓட்டத்தை ஒரு தடவை பதிவு செய்துவிட்டால், டீபக்கரில் பின்னோக்கி ஓட்டலாம். கெட்டுப்போன முகவரியில் வாட்ச்பாயின்ட் வைத்து, பின்னோக்கித் தொடரச் சொன்னால், கடைசியாக அங்கே எழுதிய வரியில் போய் நிற்கும். அதற்குப் பிராசசரின் பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர்கள் வேண்டும், அதனால் பல கிளவுட் மெஷின்களில் ஓடாது. சொந்த மெஷின் ஒன்றை இதற்காக ஒதுக்குங்கள். எப்போதாவது மட்டும் வரும் க்ராஷ் என்றால் அதன் கேயாஸ் மோடில் ஓட்டிப் பாருங்கள். த்ரெட்களின் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் ஓட்டங்களின்) முறையைக் கலைத்துப் போட்டு, அபூர்வமான வரிசைகளை அடிக்கடி வரவைக்கும்.

டபுள் ஃப்ரீ

ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிப்பது. செய்தி தெளிவாக வரும். காரணங்களும் கொஞ்சம்தான். டிஸ்ட்ரக்டரில் டிலீட் எழுதிவிட்டு, காப்பி கன்ஸ்ட்ரக்டரையும் அசைன்மென்ட்டையும் எழுதாமல் விட்டது. அல்லது ஒரே வெறும் பாயின்டரிலிருந்து இரண்டு ஷேர்டு பாயின்டர்களை (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, கடைசியானவர் போனதும் ஆப்ஜெக்டை அழிக்கும் பாயின்டர்களை) உருவாக்கியது: ஒவ்வொன்றும் தனித்தனி எண்ணிக்கை வைத்திருக்கும், இரண்டும் தானே கடைசி என்று நினைத்து அழிக்கும். இது பெரும்பாலும் ஒரு கிளாஸ் தன் திஸ்ஸை நேராக ஷேர்டு பாயின்டரில் போட்டு வெளியே கொடுக்கும்போது நடக்கிறது. எனேபிள் ஷேர்டு ஃப்ரம் திஸ் என்ற பேஸ் கிளாஸ் இருப்பது அதற்காகத்தான். முதல் வகைக்கு நான் செய்வது, அந்தக் கிளாஸில் காப்பி இரண்டையும் டிலீட்டட் என்று அறிவித்துவிட்டு கம்பைல் செய்வது. யார் யார் காப்பி எடுத்தார்கள் என்று கம்பைலரே பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

விண்டோஸில் டிஎல்எல்களுக்கு (ஓடும்போது இணையும் லைப்ரரி ஃபைல்களுக்கு) இடையே நடக்கும் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு டிஎல்எல் ஒரு சி ரன்டைமோடும் மற்றொன்று வேறு ரன்டைமோடும் இணைந்திருந்தால், அங்கே ஒதுக்கியதை இங்கே விடுவிக்கக் கூடாது. கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் ஒன்றையும் அதே டிஎல்எல் தர வேண்டும்.

வெளியேறும்போது மட்டும் க்ராஷ்

நிரல் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. மெயின் திரும்பிவிட்டது. அதன் பிறகு விழுகிறது. "வேலை முடிந்துவிட்டதே, விடுங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. விடக் கூடாது. வெளியேறும் குறி பூஜ்யமாக இல்லாததால் டெஸ்ட் தோல்வி என்று பதிவாகும், கடைசியாக எழுத வேண்டிய லாக் வட்டுக்குப் போகாமல் நின்றுவிடும்.

குளோபல், ஸ்டேட்டிக் ஆப்ஜெக்டுகள் உருவான வரிசைக்கு நேர் எதிராக அழிகின்றன. ஒரே ஃபைலுக்குள் அந்த வரிசை தெரியும். வெவ்வேறு ஃபைல்களுக்கு இடையே எது முதலில் உருவாகும் என்று மொழி உறுதி சொல்வதில்லை, ஆகவே எது முதலில் அழியும் என்பதும் தெரியாது. லிங்க் வரிசை மாறினால் கோளாறு வரும், அல்லது போகும். லாகர் முதலில் அழிந்து, அப்புறம் அழியும் கேஷ் தன் டிஸ்ட்ரக்டரில் "மூடுகிறேன்" என்று லாகரைக் கூப்பிடுவதுதான் நான் அதிகம் பார்த்த வடிவம்.

திருத்தம் இப்படி. லாகரை ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டேட்டிக்காக மாற்றுங்கள். சி++11 முதல் அதன் முதல் உருவாக்கம் த்ரெட் பாதுகாப்பானது. அத்தோடு நின்றுவிடாமல், கேஷின் கன்ஸ்ட்ரக்டருக்குள் அந்த ஃபங்ஷனை ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள். லாகர் கேஷுக்கு முன்னால் உருவாகி முடிந்துவிடும், அதனால் கேஷுக்குப் பின்னால்தான் அழியும். இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டு, மாற்றியும் க்ராஷ் போகவில்லை என்பவர்கள் நிறைய.

இன்னொரு வழி, அழிக்கவே அழிக்காமல் விடுவது. நியூவால் உருவாக்கி, பாயின்டரை ஸ்டேட்டிக்கில் வைத்துவிட்டு அப்படியே வெளியேறுவது. குரோமியத்தில் நோ டிஸ்ட்ரக்டர் என்ற டெம்ப்ளேட்டும் இதேபோல் ஆப்ஜெக்டை அழிக்காமல் விடுகிறது. கூகுளின் சி++ நடை வழிகாட்டி, வேலை செய்யும் டிஸ்ட்ரக்டர் உள்ள ஸ்டேட்டிக் ஆப்ஜெக்டுகளையே தடுக்கிறது. கிளாங் கம்பைலர் ஒரு படி மேலே போகிறது: அதன் டிரைவர், கம்பைல் செய்யும் பிராசஸுக்கு நினைவகத்தை விடுவிக்காதே என்ற ஃபிளாக்கையே கொடுத்துத் தொடங்குகிறது. பிராசஸ் சாகப்போகிறது, கெர்னல் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும், தனித்தனியாக அழிப்பதில் போகும் நேரம் வீண். முதலில் இது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது எனக்கு. இப்போது சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஃபைலை ஃப்ளஷ் செய்வது போன்ற வெளியுலக வேலைகளை மட்டும் டிஸ்ட்ரக்டரை நம்பி விடாமல், மெயின் முடியும் முன் வெளிப்படையாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

வரிசையெல்லாம் சரி, இன்னும் விழுகிறது என்றால், டிடாச் செய்த, அதாவது முடிவுக்குக் காத்திராமல் விட்டுவிட்ட, த்ரெட் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மெயின் முடிந்து ஸ்டேட்டிக்குகள் அழிந்துகொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டிடாச்சை எடுத்துவிட்டு, நிறுத்தி, ஜாயின் செய்வது (அது முடியும்வரை காத்திருப்பது) தவிர இதற்கு நல்ல வழி இல்லை.

"ப்யூர் வர்ச்சுவல் மெத்தட் கால்டு"

இந்த ஒரு வரியோடு நிரல் நின்றால், ஆப்ஜெக்ட் பாதி அழிந்த நிலையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று பொருள். டிரைவ்டு கிளாஸின் டிஸ்ட்ரக்டர் முடிந்து பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் ஓடும்போது, அந்த ஆப்ஜெக்ட் வெறும் பேஸ் மட்டுமே. பேஸ் டிஸ்ட்ரக்டர் ஒரு சாதாரண ஃபங்ஷன் வழியாகச் சுற்றி வளைத்து, பேஸில் உடல் எழுதாமல் டிரைவ்டு கிளாஸ் நிரப்பும் வர்ச்சுவல் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இப்படி நடக்கும். நேராகக் கூப்பிட்டால் கம்பைலர் பெரும்பாலும் எச்சரிக்கும்.

பெரிய கோட்பேஸில் அதிகம் வருவது த்ரெட் வழி. பேஸ் கிளாஸ் ஒரு வேலைக்கார த்ரெட்டை வைத்திருக்கிறது, அதன் டிஸ்ட்ரக்டரில் ஜாயின் செய்கிறது. ஜாயினுக்கு முன்பே டிரைவ்டு பகுதி போய்விட்டது, த்ரெட் இன்னும் டிரைவ்டு ஃபங்ஷனைத் தேடுகிறது. த்ரெட்டை நிறுத்தும் ஃபங்ஷனைத் தனியாக்கி, ஆப்ஜெக்டை வைத்திருப்பவர் அழிப்பதற்கு முன் அதைக் கூப்பிட வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: மெம்பர்கள் அறிவித்த வரிசைக்கு எதிராக அழியும். சி++20-இன் ஜேத்ரெட் தன் டிஸ்ட்ரக்டரில் தானே ஜாயின் செய்யும். அதைக் கிளாஸின் மேலே அறிவித்து, அது பயன்படுத்தும் மியூட்டெக்ஸையும் க்யூவையும் கீழே அறிவித்தால், க்யூ முதலில் அழியும், த்ரெட் அழிந்த க்யூவில் கைவைக்கும். த்ரெட் மெம்பரைக் கடைசியில் அறிவியுங்கள். பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி கமென்ட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் அகரவரிசைப்படி அழகுபடுத்துகிறேன் என்று யாராவது மாற்றிவிடுவார்கள்.

நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது, லீக் கருவி ஒன்றுமில்லை என்கிறது

லீக் சானிடைசர் தேடுவது யாராலும் எட்ட முடியாத நினைவகத்தை. குளோபல் மேப் ஒன்றிலிருந்து எட்ட முடிந்தால் அதன் கணக்கில் அது லீக் இல்லை. ஆனால் சேர்த்துக்கொண்டே போய் ஒருபோதும் நீக்காத கேஷ் நடைமுறையில் லீக்தான். இதற்கு ஹீப்ட்ராக் அல்லது வால்கிரைண்டின் மாசிஃப் போன்ற ஹீப் ப்ரொஃபைலர் வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்த ஸ்டாக் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ப்ரொஃபைலரில் வளர்ச்சியே தெரியவில்லை, ஆனால் கெர்னல் காட்டும் ஆர்எஸ்எஸ் (பிராசஸ் இப்போது பிடித்திருக்கும் நிஜ நினைவகம்) மட்டும் ஏறுகிறது என்றால் கதை வேறு. நீங்கள் விடுவித்துவிட்டீர்கள், அலொக்கேட்டர் கெர்னலிடம் திருப்பவில்லை. ஜிலிப்சி, த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் இருக்கப் பல அரீனாக்களை (தனித்தனி ஒதுக்கும் இடங்களை) வைத்துக்கொள்ளும். 64 பிட் மெஷினில் கோர் எண்ணிக்கையின் 8 மடங்கு வரை. 16 கோர் என்றால் 128 அரீனா. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காலி இடம் தேங்கினாலே பெரிய தொகை. அரீனா எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் என்விரான்மென்ட் வேரியபிள், மல்லாக் அரீனா மேக்ஸ், அதை 2 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். சட்டென்று குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. மல்லாக் ட்ரிம்மை ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை, ஜிலிப்சி 2.8 முதல் அது எல்லா அரீனாக்களிலும் முழுப் பக்கமாகக் காலியாக இருப்பதைத் திருப்பிக் கொடுக்கும். அப்போதும் குறையவில்லையென்றால் துண்டாடல்: நீண்ட நாள் வாழும் சின்ன ஆப்ஜெக்டுகள் பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து மொத்தப் பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கின்றன. ஜெமல்லாக் என்ற மாற்று அலொக்கேட்டருக்கு மாறினால் பல சமயம் சரியாகும். அதைவிட உறுதியானது, நீண்ட ஆயுள் உள்ளவற்றையும் குறைந்த ஆயுள் உள்ளவற்றையும் தனித்தனி இடத்திலிருந்து ஒதுக்குவது.

சின்னச் சின்ன ஒளிவிடங்களும் உண்டு. வெக்டரில் கிளியர் கூப்பிட்டால் பிடித்த இடத்தை அது விடாது. இரண்டு ஷேர்டு பாயின்டர்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தால் இரண்டும் சாகாது. ஒரு பக்கம் வீக்காக வேண்டும். மேக் ஷேர்டு மூலம் உருவாக்கிய பெரிய ஆப்ஜெக்டில் ஒரு நுட்பம்: ஆப்ஜெக்டும் எண்ணிக்கையும் ஒரே துண்டில் இருப்பதால், டிஸ்ட்ரக்டர் ஓடிவிட்டாலும் கடைசி வீக் பாயின்டர் இருக்கும்வரை நினைவகம் திரும்பாது. வீக் பாயின்டர்களை நெடுநாள் வைத்திருக்கும் கேஷில் இது கணிசமாகத் தின்னும்.

டிஸ்ட்ரக்டர் ஓடவே இல்லை

பேஸ் பாயின்டர் வழியாக டிலீட், பேஸின் டிஸ்ட்ரக்டர் வர்ச்சுவல் இல்லை. இதற்கான எச்சரிக்கை கம்பைலரில் உண்டு. அதைப் பிழையாக்கி வையுங்கள். அது இல்லையென்றால் அலொக்கேட்டரைப் பாருங்கள். எல்எல்விஎம்-கிளாங் கோட்பேஸில் சின்டாக்ஸ் ட்ரீயின் (நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் மரத்தின்) நோடுகள் எல்லாம் ஒரு பெரிய அரீனாவிலிருந்து வரிசையாக வெட்டி எடுக்கப்படுகின்றன, கடைசியில் மொத்தமாக விடப்படுகின்றன. ஒவ்வொரு நோடுக்கும் டிஸ்ட்ரக்டர் ஓடுவதில்லை. வேகத்துக்கு இது அருமை. ஆனால் அந்த நோடில் ஒரு சாதாரண வெக்டரையோ ஸ்ட்ரிங்கையோ மெம்பராக வைத்தால், அது ஹீப்பிலிருந்து வாங்கியது திரும்பாது. உங்கள் கோட்பேஸிலும் அரீனா இருந்தால், டிஸ்ட்ரக்டருக்கு வேலையில்லாத டைப்தானா என்று கம்பைல் நேரத்திலேயே ஸ்டேட்டிக் அசெர்ட்டால் சோதியுங்கள். புதிதாக வந்தவர் எழுதும் முதல் நோடிலேயே அது பயன்படும்.

நீண்ட சங்கிலியை அழிக்கும்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ

யூனிக் பாயின்டரால் (ஒரே உரிமையாளர் கொண்ட பாயின்டரால்) அடுத்த நோடைப் பிடித்திருக்கும் லிஸ்ட். தலையை அழித்தால் அது அடுத்ததை, அது அதற்கடுத்ததை என்று டிஸ்ட்ரக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். நூறு நோடில் தெரியாது. சில லட்சம் நோடில் லினக்ஸின் வழக்கமான 8 எம்பி ஸ்டாக் தீர்ந்துவிடும். மேக்கில் துணை த்ரெட்டுக்கு 512 கேபி மட்டுமே, மசல் என்ற சி லைப்ரரியில் அதைவிடக் குறைவு. அங்கெல்லாம் சீக்கிரமே வரும். டிஸ்ட்ரக்டரில் ஒரு லூப் எழுதி, அடுத்த நோடை வெளியே நகர்த்திவிட்டு இப்போதையதை விடுவதாக மாற்றுங்கள். ட்ரீ என்றால் அழிக்க வேண்டியவற்றை ஒரு வெக்டரில் சேர்த்து அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பத்து லட்சம் நோடு போட்டு அழிக்கும் ஒரு டெஸ்டையும் கூடவே சேர்த்துவிடுங்கள், துணை த்ரெட்டில் ஓடும்படி.